வெண்டெல் பெயரில் ஒரு சட்டம்

இறந்துபோன கணவர் வெண்டெலின் பெயரை ஒரு சட்டத்துக்கு வைக்கப்போகிறார்கள் என்று ஜோலீன் வாஸ் தொலைபேசியில் சொன்னபோது, மார்லிஸ் பக்கத்துப் பண்ணை கோர்டியின் கண்ணாடித் தட்டைத் துலக்கிக்கொண்டிருந்தாள். அவர் சாவுக்கு ஊரார் சாப்பாடு கொண்டுவந்த தட்டுகளில் அது ஒன்றுதான் மிச்சம். மற்றவற்றையெல்லாம் அடியில் ஒட்டியிருந்த பட்டையில் பெயரைப் பார்த்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. ஜனவரியில் அவை வந்த வேகத்தைப் பார்த்தால், ஊரே அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருந்ததுபோல இருந்தது. எல்லாத் தட்டிலும் ஒரே பண்டம்: அடியில் கொத்திய மாட்டுக்கறி, மேலே உருளைக்கிழங்கு. மார்லிஸ் தினமும் அதைச் சூடாக்கிச் சாப்பிட்டாள். ருசி தெரியவில்லை. உப்பு தூவிப் பார்த்தாள். உப்பும் தெரியவில்லை.

"வெண்டெல் சட்டம்னு பேரு வெச்சா, எதிர்த்து ஓட்டுப் போடறவங்க கொஞ்சம் கூச்சப்படுவாங்க மார்லிஸ். உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே?" என்றாள் ஜோலீன். அவள்தான் அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர்.

"இல்ல," என்றாள் மார்லிஸ். "அவருக்குக் கூச்சமா இருந்திருக்கும். பரவாயில்ல."

தட்டைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். அடியில் இருந்த பட்டையில் 'இர்மா' என்று எழுதியிருந்தது. கோர்டியின் மனைவி. அவள் போய் ஆறேழு வருடம் ஆகிறது. கோர்டி பட்டையை மாற்றவில்லை.

நாலு அறுவடைக்கு முன்னால், மக்காச்சோளத்தைத் தகரக் களஞ்சியத்துக்கு ஏற்றும் இரும்புத் திருகில் வெண்டெலின் வலது கையுறை சிக்கியது. கையுறையோடு கையும் போயிற்று. முழங்கைக்கு மேலே அறுத்துத் தைத்தார்கள். காயம் சொன்னபடி ஆறியது. கைதான் வலித்தது, இல்லாத கை. விரல்களை யாரோ பின்பக்கமாக மடக்கிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான் என்பார் வெண்டெல். காலையில் அவருடைய காலிச் சட்டைக்கையை மடித்து ஊக்கு குத்திவிடுவது மார்லிஸின் வேலை. "மெதுவா, விரல்ல படுது," என்பார். முதலில் அவள் சிரித்தாள். பிறகு சிரிக்காமல் மெதுவாகக் குத்தப் பழகிக்கொண்டாள்.

வலிக்குக் கொடுத்த மாத்திரைகள் வலியைக் குறைத்தனவோ இல்லையோ, வெண்டெலைக் குறைத்தன. மத்தியானச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வாயைத் திறந்தபடி தூங்கிவிடுவார். மாத்திரையைக் குறைத்தால் கொட்டகையில் போய் நின்றுகொண்டு, இருக்கிற கையால் சுவரைக் குத்துவார்.

"கஞ்சா எண்ணெய் சில பேருக்கு இந்த மாதிரி வலிக்குக் கேக்குது," என்றார் டாக்டர். "ஆனா நம்ம மாநிலச் சட்டத்துல எந்தெந்த வியாதிக்குக் கொடுக்கலாம்னு இருக்கு. வலிப்புக்குக் கொடுக்கலாம், புத்துநோய்க்குக் கொடுக்கலாம். நரம்பு வலிக்குக் கிடையாது. நான் கையெழுத்துப் போட முடியாது வெண்டெல்."

"அப்ப அதுல இருக்கிறதாப் பாத்து ஒண்ணு வாங்கிட்டு வரட்டுமா டாக்டர்? எது சல்லிசா வரும்?"

டாக்டர் சிரித்தார். வெண்டெலும் சிரித்தார். வீட்டுக்கு வரும் வழியில் சிரிக்கவில்லை.

கஞ்சா என்ற வார்த்தையை அவர் வாயால் சொல்லவே மாதக்கணக்கில் ஆயிற்று. தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர், மகன் ஒருவன் இருந்து அதைத் தொட்டிருந்தால் வீட்டை விட்டுத் துரத்தியிருப்பார். அப்படிப்பட்டவர், நரம்பு வலியையும் சேர்க்கச் சொல்லி ஜோலீன் ஒரு மசோதா கொண்டுவருகிறாள் என்று கேள்விப்பட்டதும் தானே அவளைக் கூப்பிட்டு, "நான் வந்து பேசறேன்," என்றார். இலையுதிர்காலம் முழுவதும் கொட்டகையில் டிராக்டருக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தார். ஜனவரியில் ஒரு நாள், தொலைக்காட்சியில் யாரோ பனிக்கட்டியின் மேல் கல்லைத் தள்ளி விளையாடிக்கொண்டிருக்க, நாற்காலியில் தூங்கினார். மாத்திரைத் தூக்கத்தில் மூச்சு விட மறந்துவிட்டது என்றார் டாக்டர். சாந்தமான சாவு என்று எல்லாரும் சொன்னார்கள். மார்லிஸ் ஆமாம் என்றாள்.

அதனால் மார்ச் மாதம் சட்டமன்றக் குழு கூடும்போது அவள் போய்ப் பேசவேண்டியதாயிற்று. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வெண்டெலுக்கு இருந்த வலியும் அந்தச் சட்டத்தில் சேர வேண்டும். பயமும் ஒன்றுதான். பெரிய மனிதர்கள் யாராவது தணிவாக எதையாவது கேட்டால், 'உங்க இஷ்டம், பரவாயில்ல' என்று தன் வாய் சொல்லிவிடும். அறுபத்தாறு வருடமாக அது அதைத்தான் சொல்லி வந்திருக்கிறது.

கோர்டி தன் வண்டியில் தலைநகருக்கு அழைத்துப்போனார். கண்ணாடித் தட்டை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். ஏறும்போதே கொடுத்திருக்கலாம், மறந்துபோயிற்று. வயல்களில் பழைய பனி அழுக்காகக் கிடந்தது. வழியில் பெட்ரோல் போட நிறுத்தினார்.

"காபி வாங்கட்டுமா?"

"வேணாம் வேணாம். வீட்லயே குடிச்சிட்டேன்."

"சின்ன கப்பு?"

"எதுக்கு வீணா. நீ குடி."

"நான் எப்படியும் உள்ள போறேன். உனக்கும் ஒண்ணு எடுத்துட்டு வரேன்."

"சரி, அப்ப பாதி போதும்."

முழுக் கோப்பைதான் கொண்டுவந்தார். முழுவதும்தான் குடித்தாள். அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். முதல் 'வேண்டாம்' மரியாதைக்கு. இரண்டாவது, கேட்கிறவர் மனசாரத்தான் கேட்கிறாரா என்று பார்க்க. மூன்றாவது தடவை கேட்ட பிறகு சொல்வதுதான் பதில். முதல் தடவையே கை நீட்டுகிறவனைப் பெற்றவர்களைப் பற்றிப் பேசுவார்கள்.

காபி சுட்டது தெரிந்தது, காபி தெரியவில்லை. அவள் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, கோர்டியின் கோட்டு உள்பையைப் பார்த்தாள். போன வசந்தத்தில் அந்தப் பைக்குள்தான் அந்தச் சின்னப் புட்டி இருந்தது.

கோர்டியின் மகள் மிசிசிப்பி ஆற்றுக்கு அக்கரையில், அடுத்த மாநிலத்தில் குடியிருக்கிறாள். அங்கே சட்டம் வேறு. ரொட்டிக்கடைக்குப் பக்கத்திலேயே கஞ்சாக்கடை, வாசலில் பூச்செடி. பாலத்தைத் தாண்டிக் கொண்டுவந்தால் குற்றம். கோர்டி கொண்டுவந்தார். மார்லிஸ் எலுமிச்சை இனிப்புத் துண்டங்களைத் தட்டில் அடுக்கிக் கொட்டகைக்கு எடுத்துப்போனபோது, உள்ளே பேச்சு தணிந்திருந்ததால் கதவுக்கு வெளியே நின்றாள்.

"டேய், இதை வெச்சுக்கடா. நாக்குக்கு அடியில ரெண்டு சொட்டுன்னு பொண்ணு சொல்றா."

"வேணாம்டா. உனக்கெதுக்கு வம்பு."

"என்ன வம்பு? பாலத்துல என்னை எவன் சோதனை போடப் போறான்? எழுபது வயசுக் கடத்தல்காரன்னு பேப்பர்லயா போடுவான்?"

"போட்டோவோட போடுவான். அந்த மூஞ்சியைப் பாத்து ஊர்ல யாரும் சாப்பிடமாட்டாங்க. வேணாம், உள்ள வை."

மார்லிஸ் மூன்றாவது தடவைக்காகக் காத்திருந்தாள். உள்ளே வெண்டெலும் காத்திருந்தார் என்று அவளுக்குத் தெரியும். கோட்டுப் பை மூடும் சத்தம்தான் கேட்டது. "விதை வந்துருச்சா உனக்கு?" என்றார் கோர்டி.

காபியாக இருந்திருந்தால் கேட்டிருப்பார். இது சட்டம் கூடாது என்கிற பொருள். சிநேகிதனைக் குற்றத்துக்குத் தள்ளக்கூடாது என்று மரியாதையாக விட்டுவிட்டார். அன்று சாப்பிடும்போது வெண்டெல் இடது கையால் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை கேப்பான்னு நெனச்சேன்," என்றார்.

"நீங்களே கேக்கறதுதானே?"

"போடி. அதை எப்படி வாய் விட்டுக் கேக்கறது."

வயலைத் தாண்டினால் கோர்டி வீடு. மார்லிஸும் போய்க் கேட்கவில்லை. இதை அவள் கோர்டியிடம் சொன்னதும் இல்லை.

சட்டமன்றக் கட்டடத்தின் கூடத்தில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜோலீன் குதிகால் செருப்பு ஓசையிட வேகமாக வந்து, மார்லிஸைத் தூணோரமாக அழைத்துப்போனாள்.

"ஒரு சின்ன மாற்றம், மார்லிஸ். நல்ல சேதிதான். குழுத் தலைவர் ஆதரிக்கிறேன்னுட்டார். ஆனா ஒரு திருத்தத்தோட."

"என்ன திருத்தம்?"

"நரம்பு வலியை எடுத்துடறாங்க. அதுக்குப் பதிலா, இவர் ஒரு வருஷத்துக்கு மேல இருக்கமாட்டார்னு டாக்டர் எழுதிக் கொடுத்தா, எந்த வியாதியா இருந்தாலும் கொடுக்கலாம். எவ்வளவு பேருக்கு உதவும் யோசிச்சுப் பாருங்க."

"வெண்டெலுக்கு?"

ஜோலீன் வாயைத் திறந்தாள். "வெண்டெல்தான் இப்ப..." என்று பாதியில் நிறுத்தினாள்.

ஒரு வருடத்துக்கு மேல் இருக்கமாட்டார் என்று வெண்டெலுக்கு எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்திருக்கமாட்டார். கையைத் தவிர உடம்பில் ஒரு குறை இல்லை. அவருடைய அப்பா தொண்ணூறு தாண்டி, கடைசி வருடம்வரை பன்றிகளுக்குத் தீவனம் போட்டவர். நெடுநாள் இருந்துவிடுவோம் என்பதுதான் வெண்டெலுக்குப் பயமாக இருந்தது. இப்படியே இன்னும் இருபது வருடம் இருப்பேனே மார்லிஸ் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

"நீங்க ஆதரிக்கிறேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்," என்றாள் ஜோலீன். "பேரு இருந்தா சபையில தாண்டிடும். வெறும் கையோட போறதுக்கு இது மேல் இல்லையா? சரியா?"

"அப்படியா," என்றாள் மார்லிஸ்.

ஜோலீனும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். இன்னொரு தடவை கேட்டிருக்கவேண்டும். அவளுக்கு இன்னும் இரண்டு குழுக்கள் இருந்தன. மார்லிஸின் கையை அழுத்திவிட்டு உள்ளே போனாள்.

குழு அறை வெதுவெதுப்பாக இருந்தது. சாட்சி சொல்கிறவர் உட்காரும் மேசையில் ஒரு சிறு விளக்கு. பச்சை எரிந்தால் பேசலாம், சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். மார்லிஸுக்கு முன்னால், மாவட்டப் போலீஸ் தலைவர்களான ஷெரீஃப்கள் சார்பாக ஒருவர் எதிர்த்துப் பேசினார். "இன்னைக்கு நரம்பு வலிம்பாங்க, நாளைக்கு முழங்கால் வலிம்பாங்க, நாளான்னைக்கு மாமியாரால தலைவலிம்பாங்க. எங்கதான் கோடு போடறது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தன் முகமும் தானாகச் சிரித்துவிட்டதை மார்லிஸ் கவனித்தாள். கோபம் வரும் என்று சற்றுப் பொறுத்துப் பார்த்தாள். வரவில்லை.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்தாள். பச்சை எரிந்தது. இரும்புத் திருகைப் பற்றிச் சொன்னாள், ஊக்கைப் பற்றிச் சொன்னாள், மாத்திரையைப் பற்றிச் சொன்னாள். குரல் வேறு யாருடையதோ போல வந்தது. ஒருத்தி வானிலை அறிக்கை படிப்பதுபோல. அவள் சொல்ல நினைத்ததெல்லாம் சிவப்புக்கு முன்பே தீர்ந்துவிட்டது. அவர் செத்தது ஜனவரியில் என்று சொல்லி நிறுத்தினாள்.

குழுத் தலைவர் ஹால்வர்சன் வெள்ளை முடியும் நல்ல முகமும் உள்ளவர். மக்காச்சோளக் கதிர் போட்ட டை கட்டியிருந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார்.

"ரொம்ப நன்றிம்மா. இவ்வளவு தூரம் வந்து சொன்னதுக்கு. நாங்க இன்னைக்கு நிறைவேத்தப்போற இந்தத் திருத்தின மசோதாவுக்கு உங்க வீட்டுக்காரர் பேரை வைக்கிறது எங்களுக்குப் பெருமை. வெண்டெல் ட்வெட் சட்டம். உங்களுக்குச் சம்மதம்தானே?"

"வேணாங்க," என்றாள் மார்லிஸ்.

அறையில் மெல்லிய சிரிப்பு பரவியது. அன்பான சிரிப்பு. உறுப்பினர்களில் பாதிப்பேர் பண்ணை ஊர்க்காரர்கள். அவர்களுக்கு அந்த 'வேணாங்க' பழகியது.

"எதிர்பார்த்தேன்," என்றார் ஹால்வர்சன். "ஆனா உங்களுக்காக மட்டும் இல்லம்மா. அவர் பேரு நிலைக்கணும்னு நாங்க எல்லாருமே ஆசைப்படறோம். வெச்சுக்கலாமா?"

"வேணாங்க. இருக்கட்டும்."

இப்போது எல்லாருமே சிரித்துவிட்டார்கள். பின்வரிசையில் யாரோ, "இன்னும் ஒரு தடவை, சார்!" என்று எடுத்துக் கொடுத்தார். ஹால்வர்சனும் சிரித்தார். "எங்கம்மா என்னை ஒழுங்காத்தான் வளர்த்தாங்க," என்றார். "மூணாவது தடவை கேக்கறேன் மிஸஸ் ட்வெட். உங்க வீட்டுக்காரர் பேரை வைக்கட்டுமா?"

எழுதுகோல்கள் தயாராக இருந்தன. ஜோலீன் ஓரத்தில் நின்று தலையை மெதுவாக ஆட்டி அவளைத் தைரியப்படுத்தினாள். 'உங்க இஷ்டம், பரவாயில்ல' என்பது நாக்கின் நுனிவரை வந்து நின்றது. மார்லிஸ் விளக்கைப் பார்த்தாள். அதைச் சிவப்பாக மாற்ற யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

"வேணாம்," என்றாள். "எங்க ஊர்ல சாவுக்குத் தட்டு கொண்டுவந்தா, அடியில பேரு எழுதியிருக்கும். யாரோடதுன்னு தெரியணுமில்ல. நீங்க இப்ப எழுதியிருக்கிறது என் வீட்டுக்காரரோடது இல்ல. அவர் செத்துக்கிட்டு இருக்கல. உயிரோட இருந்தார், வலியோட இருந்தார். அந்த மாதிரி இருக்கிறவங்களுக்கு இதுல ஒரு வாய்கூட இல்ல. நரம்பு வலியைத் திரும்பச் சேருங்க, பேரை வெச்சுக்கோங்க. இல்லன்னா அவர் பேரை இதுல ஒட்டாதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஹால்வர்சன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மூன்றாவது தடவை சொன்ன பதிலை அவர் மறுபடி கேட்க முடியாது. அவரை அவருடைய அம்மா ஒழுங்காகத்தான் வளர்த்திருந்தாள்.

"பதிவு பண்ணிக்கோங்க," என்றார் எழுத்தரிடம்.

திருத்தத்துடன் மசோதா குழுவில் நிறைவேறியது. பெயர் இல்லாமல். நரம்பு வலியும் இல்லாமல். எதிர்த்தவர்களில் ஒருவர், இதுவரை வாயே திறக்காத ஒரு கிழவர், "அந்தம்மா சொன்னது சரி," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார். அதனால் ஒன்றும் மாறவில்லை.

வெளியே கூடத்தில் ஜோலீனின் முகம் சிவந்திருந்தது.

"பேரு இல்லாம இதுகூடச் சபையில தாண்டுமான்னு தெரியல. சாகக் கிடக்கிறவங்களுக்காவது கிடைச்சிருக்குமே மார்லிஸ்?"

"கிடைக்கணும்," என்றாள் மார்லிஸ். "அவங்களுக்குக் கிடைக்கட்டும். நான் தடுக்கல."

ஜோலீன் கைப்பையின் வாரை இழுத்து விட்டுக்கொண்டாள். பள்ளிப் பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். "நரம்பு வலிக்குத் தனியா அடுத்த வருஷம் மறுபடி கொண்டுவரணும்," என்றாள். "நீங்க வந்து பேசுவீங்களா?"

"வரேன்."

இரண்டாம் தடவை கேட்பதற்காக மூச்சை இழுத்திருந்த ஜோலீன், அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

திரும்பும் வழியில் கோர்டி வண்டியை மெதுவாக ஓட்டினார். அவர் குழு அறையின் பின்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தார். 'இன்னும் ஒரு தடவை' என்று எடுத்துக் கொடுத்தது அவர்தானோ என்று மார்லிஸுக்கு ஒரு சந்தேகம். கேட்கவில்லை. தட்டு மறுபடி அவள் மடியில் இருந்தது. பெட்ரோல் பங்க் வந்தது, போயிற்று. அவர் நிறுத்தவில்லை. ஊர் நெருங்கும்போது, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஆரம்பித்தார்.

"மார்லிஸ். போன வசந்தத்துல நான் ஒண்ணு கொண்டுவந்தேன் அவனுக்கு. கொட்டகையில. உனக்குச் சொன்னானோ என்னமோ."

"சொன்னார்."

"ரெண்டு தடவை கேட்டேன். வேணாம்னுட்டான்." ஸ்டியரிங்கில் கட்டை விரலைத் தேய்த்தார். "மூணாவது தடவை கேட்டிருந்தா வாங்கிட்டிருப்பானா?"

மார்லிஸ் ஜன்னல் பக்கம் பார்த்தாள். களஞ்சியங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

"வேணாம்னுதான் சொல்லியிருப்பார்," என்றாள்.

"அப்படியா சொல்றே?"

"ஆமா. உன்னை வம்புல மாட்டிவிடக்கூடாதுன்னு பாத்திருப்பார்."

இது இரண்டாவது. இன்னும் ஒரு தடவை கேட்டால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவள் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கு அவளால் சொல்ல முடியும். கோர்டி உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். அவருக்கும் தெரியும், அடுத்துக் கேட்டால் வருவதுதான் பதில்.

கையை நீட்டி வானொலியைப் போட்டார். மக்காச்சோள விலையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவள் வீட்டு வாசலில் வண்டி நின்றது. தட்டைக் கொடுத்தாள். கோர்டி அதைப் புரட்டி, அடியில் இருந்த பெயரைப் பார்த்தார். கட்டை விரலால் பட்டையை ஓரம் தூக்கியிருந்த இடத்தில் அழுத்தி ஒட்டினார்.

"நல்லாத் துலக்கியிருக்கே," என்றார்.

"உள்ள வந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போ."

"இல்ல இல்ல, வேணாம். நேரமாச்சு."

"போட்டா ஆச்சு."

"எதுக்கு உனக்குச் சிரமம்."

அவள் வண்டிக் கதவைப் பிடித்தபடி நின்றாள். காற்று குளிர்ந்திருந்தது. அது முகத்தில் படுவது தெரிந்தது.

"வா கோர்டி," என்றாள்.

கோர்டி வண்டியை அணைத்தார்.